மூன்றாவது ஆள் வாசிக்கும் கடிதங்கள்

1

என் மகள் துசிக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் நிறைந்த அன்று காலை நான் மல்வேர்னிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் அவளுடைய செய்தி வந்தது. ‘அம்மா, நாங்கள் மிகவும் சந்தோசமாக இருக்கிறோம். சுரேன் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். நான் கொடுத்துவைத்தவள். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.’ எழுதியது ஆங்கிலத்தில், தமிழாக்கம் என்னுடையது. உடனே மூன்று இதயமும் இரண்டு கைகூப்பும் அனுப்பினேன். பக்கத்து ஆசனத்துப் பெண் கேட்காமலே அவளுக்குக் கல்யாணப் படத்தையும் காட்டினேன்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். துசி கனடாவில், ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பு அவள் எனக்கு எழுதும் செய்திகள் ஓர் எழுத்தைத் தாண்டாது. ‘பிள்ளை, சாப்பிட்டியோ?’ என்று கேட்டால் ‘கே’ என்று வரும். மிஞ்சினால் ஒரு முறைப்பாடு: பல் வைத்தியரிடம் வேலை செய்கிறேன், மனேஜர் சரியில்லை, நீங்கள் வேலை நேரத்தில் போன் அடிக்காதீர்கள், குழம்பில் உறைப்புக் கூட. அப்படிப்பட்ட பிள்ளை ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போன பிறகு முழு வசனத்தில், முற்றுப்புள்ளி வைத்து, புருசனைப் புகழ்ந்து எழுதத் தொடங்கினாள். முறைப்பாடு அடியோடு நின்றுவிட்டது. நான் கோயிலில் போய், “நிறைகுடம் தளம்பாது, பாருங்கோ” என்று பெருமையடித்தேன். கேட்டவர்களும் ஓம் ஓம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளைகள் குறை சொல்லாவிட்டால் குடும்பம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம்.

ஸ்ரௌவ்வில் இங்கிருந்து காரில் அதிக தூரமில்லை. கார் ஓடத் தெரியாத எனக்கு அது கடல் தாண்டிப் போகும் நெடுந்தீவு மாதிரி. துசியிடம் ஒரு கார் இருந்தது. ‘ஒரு வீட்டுக்கு ஒரு கார் போதும் என்று சுரேன் சொல்கிறார், அது சரிதான்’ என்று ஒருநாள் எழுதினாள். அதற்கும் நான் கைகூப்பு அனுப்பினேன். பிறகு வேலையையும் விட்டாள். ‘சுரேன் என்னை ஓய்வெடுக்கச் சொல்கிறார்’ என்று எழுதினாள். என் புருசன் உயிரோடு இருந்த காலத்தில் என்னை ஒருநாளும் ஓய்வெடுக்கச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

2

நான் பி.எஸ்.டபிள்யூ. வேலை செய்கிறேன். வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்து, விழாமல் பார்க்கும் வேலை. இப்போது பார்க்கிறவரின் பெயரை மார்கரட் என்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் குறிப்பில் எல்லாப் பெயர்களும் மாற்றியவைதான். ‘எழுது, நான் போய்ச் சேர்வதற்குள் யாராவது வாசிக்கட்டும்’ என்று அவர் அனுமதி தந்திருக்கிறார்.

மார்கரட்டின் முன்னோர்கள் அயர்லாந்தில் பிரபுக்கள். பிரபு பரம்பரை என்றதும் நான் பல்லக்கு அளவில் எதிர்பார்த்துப் போனேன். போய்ப் பார்த்தால் பெரிய பழைய வீடு, கூரை ஒழுகுகிறது, மாடிப்படியில் வாளி வைத்திருக்கிறது. மிஞ்சிய சொத்து என்று சொல்லத்தக்கது ஒரு பெட்டிக் கடிதங்கள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி வெடித்தபோது, ஷார்லட் என்கிற சீமாட்டி தன் மாளிகையிலிருந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அக்கா கரோலைனுக்கு எழுதியவை. மார்கரட்டின் புருசன் சாவதற்கு முன் எல்லாவற்றையும் தட்டச்சில் அடித்து வைத்திருந்தார். மார்கரட்டுக்கு இப்போது கண் பார்வை மங்கிவிட்டதால் குளிப்பு முடிந்ததும் நான் வாசிக்கவேண்டும். எங்கள் ஏஜென்சியின் படிவத்தில் ‘வாசித்தல்’ என்று ஒரு பெட்டி கிடையாது. ‘தோழமை’ என்ற பெட்டியில் புள்ளடி போட்டுவிடுவேன்.

முதல் கடிதங்கள் எனக்குப் பெரிய சுவாரசியமில்லை. விருந்து, குதிரை, மழை. எட்டுப் பிள்ளைகள் பெற்றவளுக்கு முதுகுவலி, கணவனின் குறட்டை, சமையற்காரியின் திருட்டு என்று ஷார்லட் எல்லாவற்றையும் குறை சொல்வாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் வரத் தொடங்கின. தோட்டத்து இளமரங்களை யாரோ வெட்டிக்கொண்டு போகிறார்கள். ஈட்டிப் பிடிக்குத் தோதான பருமனில் உள்ளவை மட்டும் போகின்றன. ஊர்க் கொல்லனுக்கு வேலை அதிகம், ஆனால் யாருடைய கலப்பையும் திருத்தப்படவில்லை. பால் கறக்கிறவள் தங்கையின் பிரசவத்துக்கு என்று போனாள், வரவில்லை. தோட்டக்காரன் தாய்க்குச் சுகமில்லை என்று போனான், அவனும் வரவில்லை. ஒவ்வொருவரும் மிக மரியாதையாக விடைபெற்றார்கள் என்று ஷார்லட் எழுதுகிறாள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலும் சண்டை வருவதற்கு முந்திய கிழமைகளில் எல்லோருக்கும் திடீரென்று எங்காவது ஒரு உறவினருக்குச் சுகமில்லாமல் போயிருக்கிறது.

கிளர்ச்சி வெடித்தது. அந்த அக்கா தங்கையின் ஒரே தம்பி கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டான். அவனைத் தேடி ஒரு கப்டனும் சிப்பாய்களும் ஷார்லட்டின் மாளிகையில் வந்து குந்திக்கொண்டார்கள்.

3

அதன் பிறகு வந்த கடிதத்தை துசியின் கல்யாண நாள் செய்தி வந்ததற்கு அடுத்த நாள்தான் நான் வாசித்தேன். ‘அன்புள்ள அக்கா, நாங்கள் நலம். கப்டன் மிகவும் பண்பானவர். எங்கள் சௌகரியத்தைத் தவிர வேறு எதையும் அவர் நினைப்பதில்லை. பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள். இப்படியொருவர் காவலுக்கு அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே.’

“அப்பாடா” என்றேன் நான்.

மார்கரட் கண்ணை மூடியபடி கேட்டார்: “நீ ஏன் அதை நல்ல செய்தி மாதிரி வாசிக்கிறாய்?”

“நல்ல செய்திதானே?”

“இந்தக் கடிதத்தில் அவளுடைய முதுகுவலி எங்கே? குறட்டை எங்கே? கப்டன் அந்த மேசையில் எதிரே இருக்கிறான். எழுதி முடித்ததும் ஒட்டாமல் அவனிடம் கொடுக்கவேண்டும். அவள் அக்காவுக்கு எழுதவில்லை. அவனுக்கு எழுதுகிறாள். அவன் உன் தோளுக்குப் பின்னால் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வாசி.”

மறுபடி வாசித்தேன். அதே சொற்கள்தான். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

கரோலைனின் பதிலும் பெட்டியில் இருந்தது. நீண்ட, சந்தோசமான கடிதம். கப்டன் இவ்வளவு நல்லவர் என்று கேட்டு நிம்மதியாக இருக்கிறது, அவருக்கு என் அன்பைச் சொல், இங்கே இந்த வருடம் மஸ்லின் துணிதான் நாகரிகம், உனக்கும் அனுப்பவா என்று போகிறது. கரோலைனின் கணவர் பாராளுமன்றத்தில் இருந்தவர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தம்பி தப்பியிருக்கலாம் என்று மார்கரட் சொன்னார். ஷார்லட் அந்தக் கடிதத்தால் கூப்பிட்டது அந்த உதவியைத்தான். உதவி வரவில்லை, மஸ்லின் வந்தது. தம்பியைப் பிடித்துத் தூக்கிலிட்டார்கள்.

“ஷார்லட் கிழவியாகும் வரை வாழ்ந்தாள்” என்றார் மார்கரட். “பிற்காலத்தில் அந்தக் கப்டன் அந்தப் பக்கம் வந்தபோது தேநீர்கூடக் கொடுத்தாளாம். அக்காவுக்கு மட்டும் அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.”

4

திரும்பி வரும் பஸ்ஸில் நான் போனை எடுத்துத் துசியின் செய்திகளைக் கீழிருந்து மேலாக வாசித்தேன். சுரேன் நல்லவர். சுரேன் கவனமானவர். நான் அதிர்ஷ்டசாலி. யோசிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே என்னுடைய இதயங்கள் வரிசையாக நின்றன.

இத்தனைக்கும் எனக்கு இது புதிய பாடமில்லை. தொண்ணூறுகளில் என் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய கடிதங்கள் ஓரம் வெட்டி மறுபடி ஒட்டப்பட்டு வரும். கூப்பன் அரிசியில் புழு, பக்கத்து வீட்டுக்காரி வேலியை எங்கள் பக்கம் அரக்குகிறாள் என்று அக்கா திட்டி எழுதியிருந்தால் நாங்கள் சிரித்துக்கொண்டு தேநீர் குடிப்போம். திட்டு இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் என் புருசன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “உதை ஆரோ பக்கத்தில நிண்டு எழுதுவிச்சிருக்கிறான்” என்பார். அன்று வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடமாட்டோம். அவ்வளவு தெரிந்தவள் நான். ஆனால் அது ஊர், அது யுத்தம். இது கனடா. இங்கே யார் கடிதம் உடைக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். மருமகன் மிசிசாகாவில் ஒரு கொம்பனியில் கம்ப்யூட்டர் வேலை. குடிக்கமாட்டார், சிகரெட் இல்லை, காலைத் தொட்டுக் கும்பிடுவார்.

துசிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் செய்தி வந்தது: ‘சமைத்துக்கொண்டிருக்கிறேன் அம்மா. சுரேனுக்குப் பிடித்த கறி. எல்லாம் நலம்.’ இந்த முறை நான் ஒன்றும் அனுப்பவில்லை.

5

பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணை டாக்சி ஓடி ஓய்வுபெற்றவர். அவரைக் கெஞ்சி ஸ்ரௌவ்வில்லுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. அவரிடம் ஒன்றைச் சொன்னால் தமிழ் றேடியோவில் சொன்ன மாதிரி. “மகளுக்குப் புட்டும் மீன்குழம்பும் குடுக்கோணும்” என்று மட்டும் சொன்னேன். இந்த நாட்டில் பெற்ற பிள்ளையின் வீட்டுக்கும் சொல்லாமல் போகக்கூடாது. அன்றைக்குச் சொல்லாமல்தான் போனேன்.

எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த தெரு. மனித நடமாட்டம் இல்லை. மணியை அமத்தினேன். மணியே பேசியது.

“மாமி! என்ன, சொல்லாமல் கொள்ளாமல்?”

சுரேனின் குரல். நான் சுற்றிவரப் பார்த்தேன். “தம்பி, வீட்டையோ நிக்கிறீங்கள்?”

“இல்லை மாமி, வேலையில. மணியில கமெரா இருக்கு, போனில உங்களை வடிவாத் தெரியுது. அந்த மெரூன் சேலை உங்களுக்கு நல்லாயிருக்கு.” குரல் அவ்வளவு இனிமை. “துசி, அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிடும்.”

அந்தக் கடைசி வசனம் வீட்டுக்கு உள்ளேயிருந்தும் கேட்டது. அதன் பிறகுதான் கதவு திறந்தது. அவள் அதுவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

மெலிந்துபோயிருந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, செருப்பை எங்கே வைப்பது என்று காட்டினாள். சிவம் அண்ணை முன் அறையில் போனில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட, நான் குசினிக்குப் போனேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வெள்ளையாக, உருண்டையாக ஒரு கமெரா. துசி தேநீர் போட்டாள். நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் முதலில் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“சுகமாயிருக்கிறியோ பிள்ளை?”

“ஓம் அம்மா. சுரேன் இஸ் வெரி குட் டு மீ.”

“ரெண்டு நாள் என்னோட வந்து நில்லன்.”

பதில் மேலேயிருந்து வந்தது. “அடுத்த மாதம் வருவம் மாமி. ரெண்டு பேருமா வருவம்.”

துசி தேநீர்க் கோப்பையை என் கையில் தந்தாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. அவளை இங்கே விட்டுவிட்டுப் போனால் இனி இந்தக் கதவு எனக்குத் திறக்காது என்று தெரிந்தது. திட்டம் ஒன்றும் போட்டுக்கொண்டு நான் வரவில்லை. எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். எத்தனையோ கிழவர் கிழவிகள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். முழங்காலை மடித்து, இடுப்பைத் திருப்பி, தலை அடிபடாமல் விழுந்தேன். கோப்பை உடைந்தது. தேநீர் சேலையில் கொட்டிச் சுட்டது, ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை.

“ஐயோ, தங்கச்சி!” என்று சிவம் அண்ணை ஓடிவந்தார். அவருடையது உண்மையான பதற்றம்.

“அங்கிள், நான் ஆம்புலன்ஸ் கூப்பிடுறன்” என்றது குரல்.

நான் முனகினேன். “ஆம்புலன்ஸ் வேண்டாம்... அண்ணை, கொண்டுபோங்கோ... துசி வரட்டும்.”

“அப்ப நீங்கள் மாமியைக் கொண்டுபோங்கோ அங்கிள். துசி வீட்டை நிக்கட்டும். நான் நேர ஹொஸ்பிற்றலுக்கு வாறன்.”

சிவம் அண்ணை முகட்டை அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் கமெரா தெரியவில்லை. “ஆரது மேலயிருந்து கதைக்கிறது? தம்பியோ? என்ன கதை கதைக்கிறீர்? பெத்த தாய் விழுந்து கிடக்கிறா. மகள் வராமல் அயல் வீட்டுக்காரன் நான் போய்க் கையெழுத்து வைக்கிறதோ? ஆராவது கேட்டால் சிரிக்கமாட்டினமே? உம்மடை தாய் தேப்பனுக்குத் தெரிஞ்சால் என்ன சொல்லுவினம்?”

நான் கண்ணை மூடியபடி எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். எங்கள் சமூகத்தை நான் திட்டாத நாளில்லை. அதன் வாய்க்கு இந்த மனிசன் பயந்தால் போதும் என்று அன்று கும்பிட்டேன்.

“சரி” என்றது குரல். “துசி, போனைக் கையில வைச்சிரும்.”

அவள் வீட்டுச் செருப்போடு, ஜக்கெற் போடாமல் வந்து காரில் ஏறினாள். பெரிய ரோட்டுக்கு வந்ததும் நான் எழும்பி உட்கார்ந்தேன். அவள் கையிலிருந்த போனை வாங்கி நிறுத்தினேன். சிவம் அண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

“அப்ப ஹொஸ்பிற்றலுக்குப் போறதோ, இல்லையோ?”

“வீட்டை விடுங்கோ, அண்ணை.”

அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை நான் அப்படிக் கண்டதேயில்லை.

துசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “அந்த மெசேஜ் எல்லாம் அவர்தான் எழுதினது அம்மா. நான் சென்ட் பண்ணுறது மட்டும். நீங்கள் கண்டுபிடிப்பீங்கள் எண்டு ஒவ்வொரு முறையும் நினைப்பன். யூ ஜஸ்ட் கெப்ட் சென்டிங் ஹார்ட்ஸ்.”

6

அடித்தாரா என்று தொலைபேசியில் ஒரு பெண் கேட்டாள். பெண்களுக்கு உதவி செய்யும் இடம் ஒன்றின் இலக்கம் அது. அன்பானவள்தான், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றும் கேட்டாள். இல்லை, அடிக்கவில்லை என்றாள் துசி. மிரட்டினாரா? இல்லை. பூட்டி வைத்தாரா? கதவு பூட்டவில்லை, மணிதான் பேசும் என்றாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, நேரம் எடுக்கும், கவனமாக இருங்கள் என்றாள். எதற்குக் கவனம் என்று அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை சுரேன் தாய் தகப்பனோடு வந்தார். ஒரு கூடை பழம், எனக்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். நான் கதவடிக்கு எழும்ப முன் துசி போனாள். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள்.

“பிள்ளை, குடும்பமெண்டால் ஒண்டு ரெண்டு இருக்கும்” என்று தாய் தொடங்கினார். “என்ர மகன் உம்மைக் கைநீட்டி ஒருநாள் தொட்டிருக்கிறாரே?”

என்னைத் தவிர மற்றவர்களோடு தமிழில் இரண்டு வசனம் சேர்ந்தாற்போல் பேசத் திணறுகிற பிள்ளை. அந்த இடைவெளியால் முகத்தைக் காட்டி, “நான் வரேல்லை” என்றாள். பிறகு இன்னொருமுறை, இன்னும் மெல்லமாக, “நான் வரேல்லை.”

சுரேன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவளைத் தாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சுகமாயிட்டீங்கள் போல, மாமி. கவனமா இருங்கோ. ஒருக்கா விழுந்தவை திரும்பவும் விழுவினம்.”

பழக்கூடையைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்கள். தாயும் தகப்பனும் தங்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சுரேனின் கார் சாம்பல் நிறம். அது எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசைக்கு எதிரே, வருகிறவர்கள் நிறுத்தும் விசிற்றர் பார்க்கிங்கில் நின்றது, அவர் உள்ளேயே இருந்தார்.

பொலிஸுக்குப் போன் அடித்தேன். என்ன செய்தார் என்று கேட்டார்கள். பழம் கொண்டுவந்தார், சுகம் விசாரித்தார், இப்போது காரில் இருக்கிறார் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. விசிற்றர் பார்க்கிங்கில் இருப்பது குற்றமில்லை, மேற்கொண்டு ஏதும் நடந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள். சிவம் அண்ணை போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவரோடும் சுரேன் மரியாதையாகப் பேசினாராம்.

ஊரில் சுரேனின் ஆட்கள் எங்கள் ஆட்களுக்கு அடுத்த வீதியில்தான் இருக்கிறார்கள். பெட்டை அடங்காதவள், தாய்க்காரி நாடகமாடி இழுத்துக்கொண்டு போனாள் என்று கதை இதற்குள் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். நாடகமாடியது உண்மை. அடுத்த பாதியையும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். துசி கேட்டுவிட்டுச் சம்மதித்தாள். இதைச் சுரேனும் வாசிப்பார் என்று தெரியும். என்றாலும் அவருக்காக ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

மார்கரட் வீட்டுக்கு நான் இந்தக் கிழமை வேலைக்குப் போகவில்லை. போனில் அழைத்து, பிள்ளை எப்படி என்று கேட்டார். நலம் என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றேன். “நல்லது, அப்படியே எல்லோருக்கும் சொல்” என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோறு வடித்துவிட்டு, குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். துசி ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நிலத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

“அம்மா, ஒருக்காப் பாருங்கோ. கார் போட்டுதோ?”

எழும்பிப் போய்ச் சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கிறேன். போகவில்லை.